கைபடாமல்

பல்பு மாட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். போன வாரம்கூட என் தங்கை மகன் ஸ்டூலில் ஏறி நின்று, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, சூடான பல்பைத் துண்டால் பிடித்துத் திருகிக்கொண்டே என்னிடம் கதை பேசினான். இறங்குடா கீழே என்று போட்டேன் ஒரு சத்தம். "எதுக்கு மாமா இவ்ளோ கோவம், பல்புதானே?" என்றான். பல்புதானே! அவனுக்கு என்ன தெரியும்? நான் டெய்லர். மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு தையல் மெஷின் மோட்டாரோடு சரி. ஆனால் ஆறு வருஷம், மேடைகளுக்கு விளக்கு போடுகிற ஒரு லைட்டுக்காரர் வீட்டு முன்னறையில் கடை வைத்திருந்தேன். அந்த ஆறு வருஷத்தை எனக்குத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மீதி இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வேன்.

நீளமான வீடு அது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நாலு அறை. தெருப்பக்கத்து அறையில் நான். மேடைக்குத் திரை, பாட்டுக்காரர்களுக்கு அங்கி, நாடகக்காரர்களுக்கு ராஜா உடுப்பு என்று தைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது அறை முழுக்க விளக்குகள். தகர டப்பா மாதிரி நீள விளக்கு, பெட்டி விளக்கு, ஆட்டக் கூடங்களில் சுற்றும் கண்ணாடிச் சில்லு உருண்டை, ஆளைத் துரத்தித் துரத்தி வெளிச்சம் போடுகிற பெரிய விளக்கு. மூன்றாவதில் லைட்டுக்காரரும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் குடித்தனம். நாலாவது சமையலறை. அதன் மூலையில் ஒரு கட்டில் கிடக்கும், அது மச்சானின் ராஜ்ஜியம்.

மச்சான் என்றால் லைட்டுக்காரருக்கு மச்சான். அக்காவின் தம்பி. "மச்சான் ஏணியப் புடி, மச்சான் அந்த வயரக் குடு" என்று அவர் நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, டீக்கடைக்காரருக்கும் தபால்காரருக்கும்கூட அவன் மச்சான் ஆகிவிட்டான். கல்யாணமாகாத எதிர்வீட்டு நர்ஸம்மா ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, "மச்சான் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை வைத்து நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு எட்டு வயசாம். அம்மா இல்லாத பிள்ளை. கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "கல்யாணத்துல எனக்குக் கிடைச்சது ஒரு தகரப் பெட்டியும் ஒரு மச்சானும்" என்பார் லைட்டுக்காரர். "பெட்டி துருப்பிடிச்சுப் போச்சு. இவன் இன்னும் தின்னுக்கிட்டு இருக்கான்." மச்சான் விடமாட்டான். "பெட்டிக்கு எண்ணெய் போட்டிருந்தா அதுவும் நல்லா இருந்திருக்கும் மாமா, எனக்கு மட்டும் சோறு போட்டா?" என்பான். இருபத்து மூன்று வயசுக்கு நல்ல வளர்த்தி. நிலையில் தலை இடிக்காமல் இரண்டாவது அறைக்குள் நுழைந்த நாள் குறைவு.

மழை இல்லாத நாட்களில் அக்கா விளக்குக்குப் போடுகிற பிளாஸ்டிக் கலர்த் தாள்களைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பின்முற்றத்துக் கொடியில் காயப்போடுவாள். நாலு அறைக் கதவும் ஒரே நேர்க்கோட்டில் திறந்திருக்கும். பதினொரு மணி வெயிலுக்கு அந்தத் தாள்களின் நிறம் தரையோடு தரையாக வந்து என் மெஷின் காலடி வரை கிடக்கும். சிவப்பு, நீலம், ஒரு மாதிரி தேன் நிறம். காற்றடித்தால் எல்லாம் கலையும். வெள்ளைத் துணி தைக்கும்போது இதனால் எனக்குக் கண்ணைக் கட்டும். "அக்கா, உங்க சாயத்த எடுத்துட்டுப் போங்க" என்று கத்துவேன். "வெயில்கிட்ட சொல்லுங்க தம்பி" என்பாள் உள்ளிருந்து.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மத்தியானம் பல்பு மாற்றும் வேலை நடக்கும். ஜன்னலோர மேசைக்கு ஒரு பக்கம் லைட்டுக்காரர், எதிர்ப்பக்கம் மச்சான் அல்லது அக்கா. அந்த வீட்டில் ஒரு சொல் உண்டு. வயர் தோள்ல, சூடு காத்துல, கை உறைல. சாமி பேர் மாதிரி அதைச் சொல்லித்தான் விளக்கைத் திறப்பார்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. வயரை சுவரிலிருந்து பிடுங்கி, விளக்கைத் திறக்கிறவர் தன் தோளிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அவர் தோளில் இருக்கிற வயரை வேறு எவனும் விளையாட்டுக்குக்கூடச் சொருக முடியாது பாருங்கள். அப்புறம் சூடு ஆற வேண்டும். அதற்கு அளவு டீ. சின்ன விளக்குக்கு ஒரு டீ, பெரிய விளக்குக்கு இரண்டு டீ. அக்கா டீ போட்டு, எல்லோரும் ஊதிக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பல்புகள் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். கண்ணாடியில் கைபடக் கூடாது. "நம்ம கைல எப்பவும் ஒரு எண்ணெய் இருக்கு தம்பி" என்று லைட்டுக்காரர் எனக்கு விளக்கியிருக்கிறார். "சோப்பு போட்டுக் கழுவுனாலும் இருக்கும். நமக்குத் தெரியாது, பல்புக்குத் தெரியும். எரியிறப்போ அந்த இடம் மட்டும் கூடுதலா சூடாகும். பால் மாதிரி வெளுக்கும், வீங்கும். ஒருநாள் டப்புனு போயிடும். போறது நம்ம தலைக்கு மேலயா இருந்தாப் பரவால்ல. மேடைல நிக்கிறவன் தலை என்ன பாவம் பண்ணுச்சு?"

தப்பித் தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மாட்டுவார்கள். ஆனால் பட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதில் வெட்கம் கிடையாது. அக்காவே பத்துத் தடவை ஒத்துக்கொண்டிருக்கிறாள். கைக்குக் கை பல்பைக் கொடுக்கவும் மாட்டார்கள். ஒருவர் ஸ்பான்ஜ் உறையோடு மேசை நடுவில் வைத்து "வச்சாச்சு" என்பார். அப்புறம்தான் மற்றவர் எடுப்பார்.

கையுறை என் உபயம். திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற வெள்ளைத் துணியில் மிஞ்சியதை எடுத்து ஆறு ஜோடி தைத்துக் கொடுத்தேன். லைட்டுக்காரர் தன் ஜோடியை யாருக்கும் தரமாட்டார். துவைக்கக்கூட அக்காவிடம் கொடுக்காமல் தானே அலசிக் காயப்போடுவார்.

அப்படிப்பட்டவரின் விளக்கில்தான் ஒரு பல்பு வெடித்தது.

சங்கீதப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. திரைக் கயிறு சிக்கிக்கொண்டிருந்ததால் நானும் மேடையோரம் நின்றேன். மூன்றாவது பாட்டு. பாட்டு டீச்சர் நான் தைத்த நீல அங்கியைப் போட்டுக்கொண்டு நடு மேடையில் பாடிக்கொண்டிருந்தார். மேலே டப் என்று ஒரு சத்தம். விளக்கின் கம்பி வலை பெரிய துண்டுகளைத் தாங்கிக்கொண்டது. பொடிச் சில்லுகள் வலைக்கண் வழியாகக் கொட்டின. ஒன்று டீச்சரின் தோளில் விழுந்து அங்கியைப் பொசுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த அம்மா ஒரு கண் சுருக்கினார், அவ்வளவுதான். பாட்டை முடித்துவிட்டுத்தான் தோளைத் தொட்டுப் பார்த்தார். மிளகளவு கொப்புளம். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று அவரே சிரித்தார். ஆனால் லைட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் விளக்கு ஓர் ஆள்மேல் கொட்டியது அதுதான் முதல் தடவை.

பாட்டு டீச்சரும் பள்ளிக்கூடத்துக்காரர்களும் நிற்கும்போதே மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பல்ப யார்றா எடுத்து வச்சது?"

"நான்தான் மாமா. உறையோடதான் வச்சேன். வச்சாச்சுனு சொன்னேனே."

"கை பட்டிருக்கு."

"படல மாமா. பட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

"அப்ப என் கை பட்டுச்சா?"

அவர் கை பட்டது என்று சொல்ல எங்களில் எவனுக்கு வாய் வரும்?

"அடுத்தவன் தலைக்கு மேல தொங்குற பொருள்ல விளையாடுறவன் எனக்கு வேண்டாம்" என்றார்.

மச்சானின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஏணியைச் சுருக்கி, வயரையெல்லாம் சுற்றி, எல்லா விளக்கையும் வண்டியில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்த வீட்டில் மாமனும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. எப்போதும்போல நாலு பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். "உன் தம்பிகிட்ட உப்ப இந்தப் பக்கம் நகத்தச் சொல்லு" என்பார் அவர். உப்பு இவன் கையருகே இருக்கும். "உப்பு தீந்துபோச்சுனு சொல்லுக்கா" என்பான் இவன். அக்கா எழுந்து போய் உப்பை எடுத்து நடுவில் ணங்கென்று வைப்பாள். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற சிநேகிதன் எழுதியிருந்தான். ஆள் வேண்டும், உடனே வா, தங்க இடம் இருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸுக்குப் போவதாக மச்சான் அறிவித்துவிட்டான். லைட்டுக்காரர் சுவரைப் பார்த்து, "போறவங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா என் கடைக்கு வந்து, துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். நான் பட்டன் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தேன். 

"தம்பி, எங்க வீட்டுக்காரர் பொய் சொல்வாரா?"

"சேச்சே."

"என் தம்பி?"

"அவனுக்குப் பொய் சொன்னா மூக்கு விடைக்கும்கா. காட்டிக் குடுத்துரும்."

"அப்ப தொட்டது யாரு? பேயா?"

ஊசியை நிறுத்தினேன். பத்து நாளாக என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அக்கா, தப்பு என் மேலயோன்னு இருக்கு. அண்ணன் போடுற கையுறை நான் தச்சது. மெலிசுத் துணி. பெருவிரல் பக்கம் தையல் ஒத்தையாத்தான் போட்டேன். பிரிஞ்சு ஓட்டை விழுந்திருந்தா..."

"விழுந்தா என்ன தம்பி? ஓட்டை விழுந்தா விரல் கண்ணாடில படும். பட்டா ஜில்லுனு தெரியாதா? தெரிஞ்சதும் தொடச்சிருப்பாரே. அவரா விடுவாரு?"

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. பாரம் இறங்கியதில் ஒரு பெருமூச்சுகூட விட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

"எட்டு வயசுல தூக்கிட்டு வந்தேன்" என்றாள் அக்கா. "இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் என் சேலைய விடவே இல்ல. இவருதான் ஒரு விளக்க எரியவிட்டு, செவத்துல கையால முயல் காட்டி, நரி காட்டி, அவனச் சிரிக்க வச்சாரு. அன்னைலருந்து அவன் என் தம்பியா இல்ல, இவரு புள்ளையாத்தான் இருந்தான். புள்ளைக்கும் அப்பனுக்கும் நடுவுல நான் உப்பு நகத்திக்கிட்டு இருக்கேன் தம்பி. நாளைக்கு நாலு மணிக்கப்புறம் அதுவும் இல்ல."

அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த துண்டுத் துணியைக் கொடுத்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, "இது யாரோட சட்டைத் துணி?" என்று பதறினாள். மிச்சத் துணிதான் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். வீடு முழுக்க ஈரத் துணி வாசனை. மறுநாள் ஒரு நிகழ்ச்சி இருந்தது. வெடித்ததிலிருந்து லைட்டுக்காரருக்கு எந்தப் பல்பின்மேலும் நம்பிக்கை இல்லை. எரிகிறது எரியாதது என்று பாராமல் பன்னிரண்டு விளக்குக்கும் புதுப் பல்பு மாட்டிவிடுவது என்று முடிவுகட்டி, காலையிலேயே எல்லாவற்றையும் மேசையருகே அடுக்கிவிட்டார்.

மத்தியானம் அக்கா முட்டை பொரித்து, உருளைக்கிழங்கு வதக்கி, ரொட்டி வாங்கி வைத்திருந்தாள். தம்பிக்குப் பிடித்தது. அவன் இரண்டு ரொட்டியை மென்று மென்று விழுங்கினான். அவர் தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவன் கட்டில்பக்கம் போய்ப் பையைக் கட்டத் தொடங்கினான். ஜிப் இழுக்கிற சத்தம் நாலாவது அறையிலிருந்து என் கடை வரை கேட்டது.

நான் வேலையை மூடிவைத்துவிட்டுப் புதுக் கையுறை ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இந்தத் தடவை கெட்டித் துணி, இரட்டைத் தையல்.

"அண்ணே, இதப் போட்டுக்குங்க. பழச எறிஞ்சிருங்க."

"எதுக்கு? இது நல்லாத்தான் இருக்கு. கைக்குப் பழகிருச்சு" என்றார். அவர் ஏற்கெனவே பழசை மாட்டிக்கொண்டு, தோளில் வயரோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் அக்கா. மச்சான் இடத்தில்.

ஒவ்வொன்றாக நடந்தது. அக்கா உறையோடு பல்பை நடுவில் வைத்து "வச்சாச்சு" என்பாள். அவர் எடுத்து, ஸ்பான்ஜ் உறையை உருவி, நேராகச் சொருகி, வலையைப் பூட்டுவார். நான் ஜன்னல்பக்கம் சாய்ந்து நின்றேன். மழை வெளிச்சம் மங்கலாக இருந்தது. ஐந்தாவது விளக்கு என்று நினைக்கிறேன். அவர் பல்பை எடுத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நாலாவது அறைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"பல்பு புடிக்கிறதுன்னா எப்படிப் புடிக்கணும்? இதோ, இப்படிப் புடிக்கணும்! கண்ணாடில கைபடாம! இதக்கூட ஒருத்தனுக்கு பதினஞ்சு வருஷமா சொல்லிக் குடுத்தேன். செவிடன் காதுல ஊதுன சங்கு!"

நான் அவர் கையைப் பார்த்தேன். கையுறையின் பெருவிரல் நுனி தேய்ந்து பிய்ந்து போயிருந்தது. விரல் அரை அங்குலம் வெளியே வந்து, ஓட்டிலிருந்து தலையை நீட்டிய ஆமை மாதிரி நின்றது. வெறும் விரல். அது பல்பின் கண்ணாடியை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரியவில்லை. "கைபடாம! கைபடாம!" என்று இன்னொரு தடவை சொன்னார். விரல் அங்கேயே இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். வாயைத் திறக்கப் போன என்னை ஒரு பார்வையால் நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. நேற்று என்னிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. பட்டா ஜில்லுனு தெரியாதா?

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தான். தோளில் பை, கையில் குடை. சொல்லிக்கொண்டு போக வந்தவன், குனிந்து நிலையைத் தாண்டி நிமிர்ந்ததும் அவன் கண் நேராக அந்த விரலுக்குத்தான் போனது. பதினோரு நாள் அவமானம். பாட்டு டீச்சர் முன்னால் பட்டது. அத்தனைக்கும் பதில் அவன் மூக்குக்கு நேராக இருக்கிறது. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். பொய் சொல்லவில்லை, நான் அப்படிப்பட்டவன்தான்.

அவன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஸ்பிரிட் புட்டியை எடுத்துப் பஞ்சை நனைத்தான்.

"குடுங்க மாமா. மாட்டுறதுக்கு முன்னால ஒரு தடவ தொடச்சுக்கலாம்."

லைட்டுக்காரர் அவனைப் பார்க்கவில்லை. அக்காவிடம் திரும்பினார். "எதுக்குத் தொடைக்கணுமாம்? கேளு. நான் என்ன தொட்டுட்டனா?"

"மழைக் காத்துல்ல... தூசி கீசி இருக்கும்" என்றான் மச்சான். அவன் மூக்கு விடைத்தது.

"தூசியாம் தூசி. இப்பத்தான் பிரிச்ச பல்புல தூசி!"

"தொட்டீங்க" என்றாள் அக்கா.

"என்னது?"

"தொட்டீங்கங்க. இப்பவும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. விரலப் பாருங்க."

அவர் பார்த்தார். பல்பை மெதுவாக மேசையில் வைத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை" என்றார். "துணி தேஞ்சிருக்கு. கவனிக்கல."

"கவனிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? துணியத் தொட்டா துணி மாதிரி இருக்கும், கண்ணாடியத் தொட்டா கண்ணாடி மாதிரி இருக்கும். விரலுக்குத் தெரியாதா?"

அவர் கையைப் பற்றி ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. கொதிக்கிற டீயை விளிம்பில் பிடிக்காமல், டம்ளரின் நடுவயிற்றில் கை பதித்து உட்கார்ந்திருப்பார். உழைச்ச கைன்னா இப்படி இருக்கணும் என்று எத்தனை பேரிடம் புகழ்ந்திருக்கிறேன்! போன மாசம் உள்ளங்கையில் ஒரு பெரிய கொப்புளம். ஏணிக் கயிறு அறுத்தது என்றார். துணியைக் கிழித்துக் கட்டிவிட்டவன் நான்தான். கயிறு அறுத்தால் கோடாக இருக்காதா என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

"எத்தன நாளா இப்படி?" என்றாள் அக்கா.

"எப்படி?"

"எங்கிட்ட மறைக்காதீங்க."

"ஒண்ணுமில்லடி. காலைல கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். எறும்பு ஊர்ற மாதிரி. வேலை ஆரம்பிச்சா சரியாயிடும். எல்லாருக்கும் இருக்கிறதுதான்." அவருக்குக் கோபம் வந்தது. "ஏன், எல்லாரும் ஒண்ணு சேந்துக்கிட்டீங்களா? இருபத்தாறு வருஷமா இந்தக் கைதானே சோறு போடுது? தொட்டா தெரியாமப் போறதுக்கு இது என்ன விறகுக் கட்டையா?"

"தெரியுதுன்னா ஏன் தொடைக்கல?"

"தெரியும்டி! வேணும்னா பாரு." உறையைக் கழற்றி எறிந்தார். கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். "கண்ண மூடிக்கிறேன். எந்த விரலுன்னு சொல்லாத. தொடு. எதத் தொட்டேன்னு நான் சொல்றேன்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தாடையைச் சற்றுத் தூக்கி, பரீட்சையில் கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

அக்கா தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவர் பெருவிரல் நுனியை ஒரு விரலால் தொட்டாள். அவர் அசையவில்லை. இரண்டு விரலால் பிடித்தாள். அழுத்தினாள். நகம் பதிய அழுத்தினாள். வெளியே மழை சடசடவென்று பெய்தது. நகம் பட்ட இடம் வெளுத்துப் போனது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"ம். தொடு" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது? அவள் விரலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவர் கைவிரல்களை மொத்தமாக வாரிப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"என்னடி இன்னும் யோசனை? பயமா இருக்கா? தொடேன்."

மச்சான் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான்.

"அக்கா அப்பவே புடிச்சிட்டா மாமா" என்றான்.

அவர் கண்ணைத் திறந்தார். அக்காவின் இரண்டு கைக்குள் இருந்த தன் கையை, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உருவிக்கொள்ளவில்லை. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மச்சான் மேசைமேல் கிடந்த பல்பை ஸ்பான்ஜ் உறையால் எடுத்து, பஞ்சால் சுற்றிச் சுற்றித் துடைத்தான். தேவைக்கு மேலேயே துடைத்தான்.

லைட்டுக்காரர் தலையைத் தூக்கி, பதினோரு நாளைக்குப் பிறகு முதல்முதலாக அவனை நேராகப் பார்த்தார்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு மச்சான்?"

"அது போயிடுச்சு மாமா."

சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி இரண்டே முக்கால்.